கால் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

கணித மாணவன் எதை எழுதத் தொடங்கினாலும் கடைசி வரியில் ஒரு விடை வந்தாக வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோது, மூன்றாண்டுகளாகப் போட்டுப் பார்த்தும் விடை வராத கணக்கு ஒன்று என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அது என் தந்தையின் வலக்காலைப் பற்றியது. தமிழில் ‘கால்’ என்றால் உடலின் உறுப்பு; நாலில் ஒரு பங்கும் கால்தான். இந்தக் கட்டுரைக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

என் தந்தை கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் மாவட்டத்துக் கொத்தனார்கள் பலரைப் போலவே அவரும் பல ஆண்டுகள் பெங்களூரில் கட்டட வேலை செய்தார். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும், “பையன் படிக்கிற வருஷம், வீட்டுல இருக்கணும்” என்று ஊருக்கே திரும்பி, அக்கம்பக்கத்தில் கிடைத்த வேலையைச் செய்யத் தொடங்கினார். என்னைப் படிக்க வைப்பதற்காக வந்தவருக்கு ஊர்ச் சாலை வைத்திருந்த பரிசு வேறு!

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கல் கழிந்த மறு வாரம். மாலை ஆறரை மணி இருக்கும். டவுன் பஸ்ஸை விட்டு எங்கள் ஊர் விலக்கில் இறங்கி, சாலை ஓரத்து மண்ணில் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த தந்தையைப் பின்னாலிருந்து வந்த கார் ஒன்று அடித்துச் சாய்த்தது. கையிலிருந்த பை தெறித்து, கரணையும் ரசமட்டமும் சாலையில் சிதறின. அந்த வழியே வந்த, யாரென்றே தெரியாத ஓர் இளைஞர் 108க்குத் தகவல் சொல்லி, வண்டி வரும்வரை உடனிருந்து, ஏற்றிவிட்டும் போனார். இப்படி உதவுகிறவர்களைச் சாட்சி சொல்லும்படியோ, பெயர் முகவரி தரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்கீழ் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த இளைஞருக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ! அவர் பெயர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா மட்டும் விளக்கேற்றும்போது, “அந்தப் புள்ள நல்லா இருக்கணும்” என்று சொல்வார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அரசு மருத்துவமனையில் அன்றிரவே அறுவைச் சிகிச்சை. காலுக்கு வெளியே கம்பிகளைப் பொருத்தி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கட்டடத்துக்குச் சாரம் கட்டியதைப் போலவே இருந்தது. மயக்கம் தெளிந்ததும் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “எனக்கே சாரம் கட்டிட்டாங்களா?” என்றாராம். சிரிப்பதா அழுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

சிகிச்சைக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்றது. பின்னர் நடந்த அறுவைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உதவியது. ஆனால், நண்பர்களே, மருத்துவம் இலவசமாகலாம், நோய் இலவசமாவதில்லை. ஓடியாடிச் சம்பாதித்த ஒருவர் பதினான்கு மாதம் படுக்கையிலும் ஊன்றுகோலிலும் கிடந்தால் அரிசி எங்கிருந்து வரும்? அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு அவரருகே இருந்தார். பஸ் கட்டணம், கட்டு மாற்றும் செலவு, தங்கையின் பள்ளிச் செலவு எல்லாவற்றுக்கும் கடன்தான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது சிறுகச் சிறுக 1,40,000 ரூபாயாக வளர்ந்தது. இந்தத் தொகையை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் கணக்குக்கு இது வேண்டும்.

மருத்துவமனையில் நான்காம் நாள் காரின் உரிமையாளர் சார்பில் இருவர் வந்தார்கள். ஆப்பிள் பழமும், 25,000 ரூபாயும், தட்டச்சு செய்த ஒரு தாளும் கொண்டுவந்தார்கள். “பெரிய எடத்து ஆளுங்க. போலீசு, கோர்ட்டுன்னு அலைஞ்சா இருக்கறதும் போயிடும். வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க மச்சான்” என்றார் என் தாய்மாமன். அம்மாவும் தலையசைத்தார். அப்பா கையை நீட்டிவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, “படிச்சுட்டுப் போடலாம்ப்பா” என்று தாளை வாங்கி உரக்கப் படித்தேன். அதில், ‘நான் சாலையைக் கவனமின்றிக் குறுக்கே கடந்தபோது தவறி விழுந்து அடிபட்டேன், வாகன ஓட்டியின் மீது எக்குறையும் இல்லை’ என்ற பொருளில் எழுதியிருந்தது.

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “நான் ரோட்டைக் கடக்கவே இல்லையே!” என்றார். அவ்வளவுதான். எவ்வளவு கொடுத்தீர்கள் என்றோ, இன்னும் கூட்டிக் கொடுங்கள் என்றோ அவர் கேட்கவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வந்தவர்கள் பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

பொதுத் தேர்வை எப்படியோ எழுதி முடித்தேன். கல்லூரியில் சேர அந்த ஆண்டு வழியில்லை. என் வகுப்புத் தோழர்கள் கல்லூரிப் பேருந்தில் போன நாட்களில், நான் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஓராண்டு வீணாயிற்று என்று அப்போது அழுதிருக்கிறேன். இன்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கடையும் எனக்கு ஒரு கல்லூரியாகவே இருந்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம் என்று எத்தனையெத்தனை தாள்கள்! ஒவ்வொன்றையும் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது ஒரு வரி படிப்பேன். இப்படித்தான் ஒரு நாள் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் சொல்வது, வண்டிக்காரரைக் காப்பாற்ற அல்ல. அந்த வண்டியால் அடிபடக்கூடிய என் அப்பாவைப் போன்றவர்களுக்காக! அந்த மூன்றாம் நபர் நாம்தான். அதுவரை எனக்கு அது தெரியாது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று ஒரு குமாஸ்தா பேச்சுவாக்கில் சொன்னார். நாட்களை எண்ணினேன். எங்களுக்கு ஆறு வாரமே மிச்சம் இருந்தது!

அடுத்த நாளே கடை வாசலில் ஒரு தரகர் என்னைப் பிடித்துக்கொண்டார். “எல்லாம் நான் பார்த்துக்கறேன். வர்றதுல நூத்துக்கு முப்பது எனக்கு. ஊனச் சான்றிதழ்லயும் கூட்டிப் போட ஆள் இருக்கு தம்பி” என்றார். பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஆசை வந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இருக்கிற நொண்டல் போதாதா சாமி? கோர்ட்டுல இன்னும் கூட்டி நடந்து காட்டச் சொல்றானா?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு என்று கூலி பேசுவதை வழக்கறிஞர்களுக்கான விதிகளே தடை செய்கின்றன என்பது பின்னால்தான் தெரியும். கடை முதலாளி என்னை நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்பினார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்த அமைப்பு, எங்களைப் போன்ற வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. அப்படி எங்களுக்குக் கிடைத்த அம்மையார் பொறுமைசாலி. நான் கேட்ட ஆயிரம் கேள்விகளுக்கும் விடை சொன்னார்.

இனித்தான் கணக்கு வருகிறது.

ஒரு மனிதன் உடலில் ஏற்பட்ட குறைக்கு எவ்வளவு பணம்? இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறதென்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் காண வேண்டும். அதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். வந்ததில், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்தப் பங்கை எடுக்க வேண்டும். பெருக்கு எண் ஆளுக்கொன்றாக இல்லாதிருக்க, சரளா வர்மா வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியல் தந்தது. இருபத்தைந்து வயது வரை 18. பிறகு வயது ஏற ஏற எண் இறங்கும். 41 முதல் 45 வயதுக்கு 14. 65ஐத் தாண்டினால் 5. விபத்தின்போது அப்பாவுக்கு வயது 44. ஆகவே 14. இதில் யாருக்கும் சண்டையில்லை.

சண்டையெல்லாம் மற்ற இரண்டு எண்களில்தான். நாள் கூலி 900, மாதம் இருபது நாள் வேலை, ஆக 18,000 என்று எங்கள் மனுவில் சொன்னோம். சாரம் ஏற முடியாத, குத்துக்காலிட்டு உட்கார முடியாத கொத்தனாருக்குத் திறனில் 60 சதவீதம் போயிற்று என்றும் சொன்னோம். கணக்குப்படி 18,14,400 ரூபாய். காப்பீட்டு நிறுவனமோ, வருமானத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, ஆகவே மாதம் 10,000 போதும் என்றது. மருத்துவக் குழு தந்த 35 சதவீதச் சான்று காலுக்கு மட்டுமே, முழு உடலுக்கு 20தான் என்றும் சொன்னது. அப்படிப் போட்டால் 3,36,000. அதே மனிதன், அதே கால், அதே சூத்திரம். ஒரு விடை மற்றொன்றைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்! சூத்திரம் சரியாக இருந்தால் விடையும் சரியாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். சூத்திரத்துக்குள் போடும் எண்ணை யார் சொல்கிறார், அதற்கு அவரிடம் என்ன தாள் இருக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது என்று அன்று கற்றேன்.

அப்பாவிடம் தாளே இல்லை. கூலி வாங்கியதற்கு எந்தக் கொத்தனாரிடம் ரசீது இருக்கும்? 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் அப்பா எப்போதோ பதிவு செய்திருந்தார். பெங்களூருக்கும் ஊருக்கும் அலைந்ததில் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. அது நடப்பில் இருந்திருந்தால், ‘இவர் கொத்தனார்’ என்பதற்காவது அரசு தந்த சான்று ஒன்று இருந்திருக்கும். ஒரு மணி நேர வேலை. அதை நாங்கள் யாரும் செய்யவில்லை. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் இருந்தும், அந்த அட்டையை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பா கூண்டேறிச் சாட்சி சொன்னார். அதற்குள் நான் நம் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டில் இருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின் வரிசையில் நின்றேன். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குரலை உயர்த்தவேயில்லை.

“மாசம் முழுக்க வேலை இருக்குமா?”

“இருக்காதுங்க.”

“மழைக்காலத்துல?”

“மழை பேஞ்சா ஏதுங்க வேலை? ஜல்லி, மணல் வரலேன்னாலும் இல்லைங்க.”

“அப்போ பத்து நாளுகூட வேலையில்லாத மாசம் உண்டு?”

“உண்டுங்க ஐயா.”

அவ்வளவுதான். எங்கள் 18,000 என் கண்ணெதிரே கரைந்தது. ‘மாதம் இருபது நாளுக்குக் குறையாது’ என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அப்பாவோடு பேசவில்லை. எனக்குள் அப்படிக் கோபம். அவர் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடந்து வந்தார். ஊர் விலக்கில் இறங்கியதும், அடிபட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது, அவரே பேசினார்: “அன்னிக்கு அந்தத் தாள்ல பொய் இருக்குன்னுதானே கையெழுத்துப் போடல? இன்னிக்கு நான் மட்டும் எப்படி சாமி சொல்லுவேன்?” நான் பதில் சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் எங்கள் வழக்கைக் காப்பாற்றியது எந்தக் குணமோ, கூண்டில் எங்கள் தொகையைக் குறைத்ததும் அதே குணந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க வழியில்லை.

2025 செப்டம்பரில் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அன்றே முடிவு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. நிறுவனம் ஐந்து லட்சத்தில் தொடங்கி 6,25,000 வரை வந்தது. எங்கள் வழக்கறிஞர் அம்மையார் எங்களைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார். தீர்ப்பாயம் மாத வருமானத்தை 12,000 என்றும், குறையை 35 சதவீதம் என்றும் எடுத்தால் 7,05,600 வரும். வலிக்கும் வேதனைக்கும் தனியே கொஞ்சம் சேரும். ஆண்டுக்கு ஏழரை சதவீத வட்டியும் எதிர்பார்க்கலாம். ஆனால் தீர்ப்பு வர இன்னும் நாளாகும். வந்தாலும் நிறுவனம் உயர் நீதிமன்றம் போகலாம். போனால் எத்தனை ஆண்டு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சரளா வர்மா வழக்கிலேயே விபத்து நடந்தது 1988இல்; உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2009இல். இருபத்தோராண்டு!

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “நீ படிச்சவன். நீ சொல்லு சாமி” என்றார்.

நண்பர்களே, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நம்மைச் சொல்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் எடை எவ்வளவு என்று அன்று அந்த மரத்தடியில் எனக்குத் தெரிந்தது. எனக்கு வயது இருபது. எனக்கு நடக்கக் கற்றுத் தந்தவரின் காலுக்கு நான் விலை சொல்ல வேண்டும்.

சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். கடன் 1,40,000, மூன்று வட்டிக்கு மாதம் 4,200, ஆண்டுக்கு 50,400. நாங்கள் காத்திருந்தால் 6,25,000 ரூபாய்க்கு ஏழரை சதவீதத்தில் சேரும் வட்டி, ஆண்டுக்கு 46,875. கடனோ அந்தத் தொகையில் கால்பங்குகூட இல்லை. ஆனால் அதன் வட்டி, முழுத் தொகையின் வட்டியை விழுங்கிவிட்டு இன்னும் வாய் திறந்திருக்கிறது! அந்த வட்டியும் கடைசியில்தான் வரும். கடன்காரரோ மாதம் ஒன்றாம் தேதி வருவார். காத்திருக்கும் ஒவ்வோராண்டும் நிறுவனத்துக்கு இலேசு, எங்களுக்குத்தான் பாரம். பொறுமைகூட வசதியுள்ளவர்களுக்குத்தான் கட்டுப்படியாகிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

“வாங்கிக்கலாம்ப்பா” என்றேன்.

அப்பா மறு கேள்வி கேட்கவில்லை. தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, செங்கல் வைப்பதைப் போல வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. கடன் அடைந்தது. அம்மாவின் தோடு மீண்டது. மிச்சத்தை அப்பா பெயரில் வைப்பு வைத்தோம். கதை இத்துடன் முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து, பழைய கடை முதலாளியைப் பார்க்கப் போன இடத்தில், நகலுக்கு வந்திருந்த ஒரு தீர்ப்பைப் படிக்க நேர்ந்தது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கு. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்தது. அவருக்கும் எங்கள் அப்பாவைப் போலவே காலில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. உறுப்பின் குறை வேறு, பிழைப்பின் குறை வேறு. மருத்துவர் சொல்லும் சதவீதத்தை அப்படியே பிழைப்பின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அத்தீர்ப்பு. ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. இடக்கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாதிருக்கலாம். தச்சரோ ஓட்டுநரோ என்றால் பிழைப்பு ஏறக்குறைய முழுவதுமே போனதாகலாம்.

தச்சருக்குக் கை எப்படியோ, கொத்தனாருக்குக் கால் அப்படியல்லவா? நான் போட்ட கணக்கில் 35 என்ற எண்ணை ஏன் அப்படியே ஏற்றேன்? எங்கள் வழக்கறிஞர் மனுவில் கேட்டிருந்த அந்த 60க்காக, இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமோ? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தீர்ப்பும் சாதகமாக மட்டும் பேசவில்லை; அந்த மனிதரின் 45 சதவீதச் சான்றை நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை. அவர் அடிபட்டதும் 1991இல். விடை கிடைக்க அவருக்குப் பத்தொன்பதாண்டு ஆகியிருக்கிறது. இதையெல்லாம் நினைத்து மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. மறுநாள் அப்பாவிடமே சொல்லிவிட்டேன்: “நான் அவசரப்பட்டுட்டேனோ என்னவோப்பா. இன்னும் கெடைச்சிருக்கலாம்.”

அவர் திண்ணையில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. “சுவரு கட்டும்போது எவ்வளவு மட்டம் பார்த்துக் கட்டினாலும், பூசுற அன்னிக்குத்தான் தெரியும் எங்க புடைச்சிருக்குன்னு. அதுக்காக இடிச்சுட்டா கட்டுவாங்க? பூச்சுல சரி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, “கையெழுத்துப் போட்டது நானு. நீ எதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே?” என்றார். நான் உறங்காததும் அவருக்குத் தெரிந்திருந்தது!

இப்போது அவர் மார்பளவு உயரம் வரையுள்ள சுவர் வேலைக்கு மட்டும் போகிறார். அதற்குமேல் கட்ட வேண்டுமானால் கீழே நின்று தூக்குக்குண்டைப் பார்த்து, மேலே நிற்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறார். கூலி முன்போல் பாதிக்குச் சற்று மேல். ஆக, அவர் பிழைப்பில் போனது 20 சதவீதமா, 35ஆ, 60ஆ? மருத்துவக் குழு ஒன்று சொன்னது. நிறுவனம் ஒன்று சொன்னது. மனு ஒன்று சொன்னது. அவர் கொண்டுவரும் கூலி வேறொன்று சொல்கிறது. சாரத்தின் உச்சியில் நின்று ஊரையே பார்த்துக்கொண்டு பூசுவாரே, அந்த மகிழ்ச்சிக்கு எந்தப் பட்டியலிலும் பெருக்கு எண் இல்லை. அதனால்தான் இது விடை வராத கணக்கு என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டுக்கு முதல் படிப்பாளியாக வந்திருப்பவர்கள் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் பரணில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியை இறக்குங்கள். அப்பாவின் நல வாரிய அட்டை நடப்பில் இருக்கிறதா, வீட்டு வண்டியின் காப்பீடு என்று முடிகிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். யாரேனும் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், உரக்கப் படித்துக் காட்டிய பிறகே போடச் சொல்லுங்கள். அந்த நான்கு வரியைப் படிக்கத் தெரிந்திருந்ததுதான் என் பன்னிரண்டாண்டுப் படிப்பில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் பயன்.

அப்பாவின் அட்டையைப் புதுப்பித்துவிட்டேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சித்தாள் அக்கா தம் ஆதாரோடு வந்தார். பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியில் விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறேன். தாள்களை வரிசைப்படி அடுக்கித் தருவது அப்பாவின் வேலை. எங்கள் தெருவில் இதுவரை பதினொரு பேருக்கு ஆகியிருக்கிறது. இன்னும் எத்தனை பேர் என்பதை அப்பாதான் கணக்கு வைத்திருக்கிறார்.